குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்துங்கள்

தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கும் தனியார் பள்ளிகள் இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

குழந்தைகளின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவின்படி தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்கள் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பங்களின் குழந்தைகளுக்கு ஒதுக்கப்படுகின்றன. இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகும்போது அங்கே குலுக்கல் நடக்கிறது. அந்தக் குலுக்கலைப் பற்றியே இந்த மடலை எழுதுகிறேன். நான் காஞ்சிபுரம் மாவட்டத்து அரசு நடுநிலைப் பள்ளிகளில் முப்பத்தோராண்டு கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். குலுக்கலை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. குலுக்கல் வேண்டும். அது பெற்றோர் கண்ணெதிரே, பிறகு எவரும் சரிபார்க்கக்கூடிய முறையில் நடக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண், தம் மகளுக்கு எல்.கே.ஜி. இடம் கேட்டு விண்ணப்பித்திருந்த பள்ளிக்கு என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். அவர் கணவர் பட்டுத் தறியில் கூலிக்கு நெய்பவர். வருமானச் சான்றுக்கும் இருப்பிடச் சான்றுக்குமாக இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்துக்கு அலைந்திருந்தார்கள். பதினொரு இடங்களுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்திருந்தன. நாங்கள் வராந்தாவில் நின்றோம். கூடத்தின் கதவு பாதி சாத்தியிருந்தது. மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்ததை என்னால் பார்க்க முடிந்தது. அதில் என்ன போட்டார்கள், எப்போது போட்டார்கள், கலக்கினார்களா என்பது எதுவும் தெரியவில்லை. பத்து நிமிடம் கழித்து அலுவலர் ஒருவர் வெளியே வந்து ஒரு தாளைப் பார்த்துப் பதினொரு பெயர்களை வாசித்தார். அவர் கையில் இருந்தது தாள். டப்பாவிலிருந்து எடுத்த சீட்டுகள் எங்கள் கண்ணில் படவேயில்லை.

அங்கே முறைகேடு நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடந்ததா, நடக்கவில்லையா என்று சொல்வதற்கு எனக்கு எந்த வழியும் இல்லை என்பதுதான் என் முறையீடு. திரும்பி வரும் வழியில் அந்தப் பெண் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சார், நம்ம பாப்பா பேர டப்பாவுல போட்டாங்களா?" கணக்கு வாத்தியாரான எனக்கு அதற்கு விடை தெரியவில்லை.

அந்தக் கேள்வி அறியாமையிலிருந்து வந்ததன்று. எங்கள் தெருப் பெண்கள் மாதம் ஒருமுறை குலுக்குச் சீட்டு நடத்துகிறார்கள். இருபது பேர் கூடி உட்காருவார்கள். எவர்சில்வர் சொம்பைக் கவிழ்த்துக் காட்டுவார்கள். ஏற்கெனவே சீட்டு எடுத்தவர்களின் பெயரைத் தள்ளிவிட்டு, மீதிப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து, ஒரே அளவாய்க் கிழித்த தாளில் சுருட்டிப் போடுவார்கள். தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். எடுத்த சீட்டு எல்லார் கைக்கும் போய்வரும். கோயிலில் பூக்கட்டிப் பார்க்கும்போதும் பொட்டலத்தை எடுப்பது ஒரு சிறு குழந்தையே. சீட்டை யார் எடுக்கலாம், யார் எடுக்கக்கூடாது என்பதெல்லாம் நம் மக்களுக்குத் தெரியாத செய்தியன்று. தம் சீட்டுப் பணத்துக்குக் கிடைக்கும் அந்த மரியாதை தம் மகளின் இடத்துக்குக் கிடைக்கவில்லை என்பதைத்தான் அந்தப் பெண் கேட்டார்.

இந்த இடங்களுக்குக் குலுக்கல்தான் சரியான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன். மூன்று வயதுக் குழந்தைகளில் யார் தகுதி மிக்கவர் என்று கேட்பதே தவறு. அதனால்தான் சட்டத்தின் 13-ஆம் பிரிவு குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தெரிவு செய்வதைத் தடை செய்து, மீறும் பள்ளிக்கு முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும் அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க இடமளிக்கிறது. உரிமை சமமாக இருந்து பொருள் போதாமல் போகும்போது, பரிந்துரையும் பணமும் முந்தி வந்தவர் என்ற கணக்கும் நுழையாமல் காப்பது சீட்டு மட்டுமே. உயிர் காக்கும் மருந்துக்கே இந்த வழியைக் கைக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மிகக் குறைந்த அளவே கிடைத்தது. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில், யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை எந்த ஒழுங்குமின்றி அமைந்த வாய்ப்பெண்களைக் கொண்டு முன்கூட்டியே வகுத்து, முத்திரையிட்ட உறைகளில் வைத்துவிட்டார். நோயாளியைச் சேர்ப்பது என்று முடிவாகும் வரை உறை திறக்கப்படாது. ஆகவே மருத்துவரின் இரக்கமோ விருப்பமோ முடிவை அசைக்க வழியில்லை. 1948-இல் அதன் முடிவுகள் வெளியாயின. மருத்துவ ஆய்வு முறையே அதன் பிறகு மாறிப்போனது.

முத்திரை என்றதும் நம் ஊர் நினைவுக்கு வருகிறது. குடத்தில் ஓலை இட்டு எடுக்கும் வழக்கம் சங்க காலத்திலேயே இருந்தது என்பதற்கு அகநானூற்றின் 77-ஆம் பாடல் சான்று. கயிற்றால் கட்டிய குடத்திலிருந்து ஓலையை எடுப்பவர்கள், கட்டின் மேல் இட்ட முத்திரைப் பொறி கெடாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதை உடைத்தார்கள் என்பது அதில் ஓர் உவமையாக வருகிறது. கேட்பவர் எவருக்கும் விளக்கம் தேவைப்படாத அளவுக்கு அந்தக் காட்சி பழகியிருந்தால்தானே புலவர் அதை உவமையாக எடுத்தாண்டிருப்பார்!

நான் பணியிலிருந்த காலத்தில் ஆண்டுதோறும் மாணவர்களை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போவேன். அங்கே முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது பொது ஆண்டு 919-இலும் 921-இலும், வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை என்ற சொல்லைப் பாடநூலில் எல்லாப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். சுவரிலுள்ள நடைமுறையை வரி வரியாகப் படித்துப் பார்த்தவர்கள் குறைவு. எனவே அதை இங்கே விரித்துச் சொல்ல அனுமதி கேட்கிறேன்.

ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டங்களாக, பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று குறிக்கும் வாயோலையையும் சேர்த்துக் குடத்தில் இட்டார்கள். சிறியவர் பெரியவர் அனைவரும் கூடிய மகாசபையில், அன்று ஊரிலிருந்த கோயில் பூசகர்களான நம்பிமார் ஒருவர் விடாமல் வந்து அமர வேண்டும். அவர்களில் மூத்தவர் ஒருவர் எழுந்து, எல்லாரும் காணும்படி குடத்தை உயர்த்திப் பிடித்து நிற்க வேண்டும். உள்ளே இருப்பதன் வேறுபாடு எதையும் அறியாத ஒரு சிறுவன் அதிலிருந்து ஓர் ஓலைக்கட்டை எடுப்பான். அந்தக் கட்டை அவிழ்த்து வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கிய பிறகு, அதே சிறுவன் அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்துச் சபையின் நடுவரான மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் அந்த ஓலையை ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்று வாங்க வேண்டும். அவர் அதை வாசித்த பிறகு, அங்கே அமர்ந்திருக்கும் நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். அப்படி வாசிக்கப்பட்ட பெயரே ஏற்கப்படும். இவ்வாறு தேர்ந்த முப்பது பேரில் பன்னிருவர் சம்வத்சர வாரியம் எனும் ஆண்டுக் குழுவுக்கும் பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும் அறுவர் ஏரி வாரியத்துக்கும் போனார்கள்.

விரித்த விரல்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். மூடிய கையில் வேறு ஓலை மறைந்திருக்கலாம் என்ற ஐயம் யாருக்கோ வந்திருக்கிறது. அந்த ஐயத்தை அவமதிப்பாகக் கொள்ளாமல், அதற்கு விடையாக ஒரு விதியைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இரண்டு கல்வெட்டுகளுக்கும் இடையே இரண்டே ஆண்டுகள். முதலில் வகுத்த முறை போதவில்லை என்று கண்டதும், அரசன் அனுப்பிய அதிகாரி உடனிருக்கச் சபை மறுபடியும் கூடி, அதைத் திருத்தி விரிவாக்கியது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களுக்கும் அவர்களின் நெருங்கிய உறவினர்களுக்கும் ஓலை எழுதப்படவே கூடாது என்ற விலக்கும் அதில் உண்டு.

அந்த ஊரை நான் பொற்காலமாக்கிக் காட்டவில்லை. அது பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட பிரமதேயம். பொதுவாகக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உள்ள, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கே அங்கே ஓலை எழுதப்பட்டது. எங்கள் தெரு நெசவாளியின் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. யாருக்குச் சீட்டு எழுதுவது என்பதில் நம் சட்டம் அவர்களைவிட எவ்வளவோ விரிந்த மனம் கொண்டது. எழுதிய சீட்டை எடுக்கும் முறையில்தான் நாம் ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு கிராமத்துக்குப் பின்னால் நிற்கிறோம்.

நல்ல நோக்கமும் மேடையும் விளக்கும் இருந்தாலும் குலுக்கல் பிழைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வியட்நாம் போருக்கு இளைஞர்களைச் சேர்க்க அமெரிக்க அரசு 1969 டிசம்பர் 1 அன்று, தொலைக்காட்சியில் நாடே பார்க்க, பிறந்த நாள்களைக் குலுக்கி எடுத்தது. தேதிகள் எடுக்கப்பட்ட வரிசைப்படியே அந்தந்த நாளில் பிறந்தவர்கள் படைக்கு அழைக்கப்படுவார்கள். 366 தேதிகளை 366 குப்பிகளில் அடைத்திருந்தார்கள். ஜனவரியில் தொடங்கி மாதவாரியாகப் பெட்டியில் இட்டார்கள். சரியாகக் கலக்காமலேயே கண்ணாடிக் கலத்தில் கொட்டினார்கள். கடைசியாக இட்ட டிசம்பர் மேலேயே தங்கிவிட்டது. அடுத்த ஆண்டு 195-ஆம் எண் வரை அழைக்கப்பட்டபோது, டிசம்பரின் 31 நாள்களில் 26 நாள்களில் பிறந்தவர்கள் அந்த அழைப்புக்குள் அகப்பட்டார்கள். ஒழுங்காகக் கலந்திருந்தால் பதினாறு, பதினேழு நாள்கள்தான் அகப்பட்டிருக்கும். யாரும் ஏமாற்றவில்லை; கை சோம்பியதற்கு விலை இளைஞர்களின் உயிரிலிருந்து போனது. 1970 ஜூலையில் நடந்த அடுத்த குலுக்கலில் தேதிகளுக்கு ஓர் உருளையும் வரிசை எண்களுக்கு ஓர் உருளையுமாக இரண்டு உருளைகளை வைத்தார்கள். இதில் நம் துறை கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: 366 தேதிகளின் முழு வரிசையும் வெளியிடப்பட்டிருந்ததால்தான் புள்ளியியலாளர்கள் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முடிந்தது. பதினொரு பெயரை மட்டும் வாசித்துவிட்டுத் தாளை மடித்துவைத்திருந்தால், அது இன்றுவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

குலுக்கல் என்ற சொல்லின்மேல் நம் மக்களுக்கு ஒரு கசப்பும் இருக்கிறது. பணத்துக்கான சீட்டே பதவிக்கான சீட்டிலிருந்து கிளைத்த வரலாறும் உண்டு: இத்தாலியின் ஜெனோவா குடியரசில் ஆட்சிக் குழுவுக்கு ஐந்து பேரைச் சீட்டெடுத்துத் தெரிவு செய்வார்கள், யார் அந்த ஐவர் என்று ஊரார் பந்தயம் கட்டத் தொடங்கி, பின்பு பெயர்கள் எண்களாகி, லோட்டோ என்ற சூதாட்டம் பிறந்தது. இங்கே 1968-இல் அண்ணா தலைமையிலான அரசு பரிசுச் சீட்டைத் தொடங்கியது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற வாசகம் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. என்னிடம் படித்த பிள்ளைகளில் பலர் வீட்டில் கூலிப் பணம் எங்கே போனது என்பது எனக்குத் தெரியும். ஆகவே 2003-இல் ஜெயலலிதா அரசு அதைத் தடை செய்ததை நான் அன்றும் வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பரிசுச் சீட்டுக்குக்கூட நாடாளுமன்றம் 1998-இல் ஒரு சட்டம் இயற்றி, குலுக்கலை மாநில அரசே நடத்த வேண்டும், அதுவும் அந்த மாநிலத்துக்குள்ளேயே நடத்த வேண்டும், சீட்டின் உண்மைத்தன்மையை உறுதிசெய்யும் வகையில் அரசின் முத்திரையோடு அதை அச்சிட வேண்டும் என்றெல்லாம் வரையறுத்தது. பணத்தைப் பங்கிடும் சீட்டை அரசே எடுக்க வேண்டும் என்று சொன்ன நாட்டில், குழந்தையின் பள்ளி வாழ்க்கையைத் தீர்மானிக்கும் சீட்டை, எந்தக் குழந்தை வருகிறது என்பதில் தனக்கென்று விருப்பம் கொண்டிருக்கக்கூடிய பள்ளியின் கையிலேயே விடுவது பொருந்தவில்லை.

ஆகவே துறை ஒரே ஆணையில் சிலவற்றை உறுதி செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். குலுக்கலுக்கு முந்திய நாளே, ஏற்கப்பட்ட விண்ணப்பங்கள் அனைத்தும் வரிசை எண்ணிட்டுப் பள்ளி வாசலிலும் இணையத்திலும் வெளியாக வேண்டும். ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் முதலியோருக்குக் குலுக்கலின்றி முன்னுரிமையாகத் தரப்பட்ட இடங்கள் எத்தனை என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். குலுக்கலுக்கு எஞ்சியவை எத்தனை என்று அப்போதுதான் பெற்றோருக்குப் புரியும். மறுநாள் குலுக்கலை நடத்துபவர் அந்தப் பள்ளியைச் சேராத கல்வித் துறை அலுவலராக இருக்கட்டும். கதவு திறந்திருக்கட்டும். வெறுங்கலத்தைக் கவிழ்த்துக் காட்டி, ஒவ்வொரு பெயரையும் வாசித்தபின் உள்ளே இட்டு, நன்றாகக் குலுக்கி, ஒரு குழந்தையைக் கொண்டு எடுத்து, எடுத்த சீட்டைப் பெற்றோர் பக்கம் திருப்பிக் காட்டட்டும். இதையெல்லாம்விட முக்கியமானது, பதினொரு இடம் என்றால் பதினொரு சீட்டோடு நிறுத்தாமல், கடைசிச் சீட்டு வரை எடுத்து முழு வரிசையையும் அன்றே எழுதி ஒட்டுவது. இடம் பெற்ற ஒரு குழந்தை வேறு பள்ளிக்குப் போய்விட்டால் அடுத்தது யார் என்பதில் யாருடைய தொலைபேசி அழைப்புக்கும் அப்போது வேலை இருக்காது. நாற்பது சீட்டுகளை எடுக்க அரை மணி நேரம் போதும்.

கணினிக் குலுக்கலுக்கு மாறுவதானால் ஐயம் இன்னும் கூடும், ஏனென்றால் அங்கே டப்பாவைக்கூடப் பார்க்க முடியாது. அதற்கும் வழி இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2017 முதல், தேர்தலுக்குப் பிறகு எந்த வாக்குச்சீட்டுகளைத் தணிக்கைக்கு எடுப்பது என்பதைக் கணினி முடிவு செய்கிறது. ஆனால் கணினிக்குக் கொடுக்க வேண்டிய 20 இலக்கத் தொடக்க எண்ணைப் பொதுமக்கள் முன்னிலையில் பத்துமுகத் தாயக்கட்டைகளை உருட்டியே பெறுகிறார்கள். நிரலும் தொடக்க எண்ணும் பெயர்ப் பட்டியலும் வெளியில் இருப்பதால், அதே கணக்கை யார் போட்டாலும் அதே விடை வரும். நம் மாவட்டத் தலைநகரங்களில் பெற்றோரே தாயம் உருட்டட்டும். வந்த எண்ணைப் பலகையில் எழுதிய பிறகு கணினியை இயக்கட்டும். கணினியில் வேறொரு நன்மையும் கிட்டும். ஒரு குழந்தை ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், இன்று பள்ளிதோறும் தனித்தனியாகக் குலுக்கும்போது ஒரே பெயர் இரண்டு மூன்று இடங்களில் விழுகிறது, இன்னொரு பெயர் எங்கும் விழுவதில்லை, காலியிடம் திரும்பி வருவதற்குள் வகுப்பு தொடங்கிவிடுகிறது. நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிச் சேர்க்கையில் போல ஒரு குழந்தைக்கு ஒரே குலுக்கல் எண்ணைக் கொடுத்து, பெற்றோர் எழுதிய விருப்ப வரிசையோடு சேர்த்துப் பார்த்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

2025-26 கல்வியாண்டில் ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையிலான நிதிச் சிக்கலால் இந்தச் சேர்க்கையே பல மாதம் தள்ளிப்போனது. காத்திருந்த பெற்றோரின் நம்பிக்கை ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது. நான் கேட்பவற்றில் எதற்கும் புதிய சட்டமோ பெருஞ்செலவோ தேவையில்லை.

அந்தச் சிறுமி இப்போது எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கிறாள். அவளுக்காக இடம் கேட்டு இதை எழுதவில்லை. அவளுடைய தம்பிக்கு அடுத்த ஆண்டு மூன்று வயது நிறைகிறது. அவன் அம்மா மறுபடியும் விண்ணப்பிக்கப் போகிறார், நானும் கூடப் போவேன். அந்தக் கேள்வியை அவர் இரண்டாம் முறை என்னிடம் கேட்க வேண்டியிராதபடி, விண்ணப்பம் திறக்கும் நாளுக்கு முன்பே இந்த நடைமுறையை ஆணையாக வெளியிட்டு, அதன் படியைத் தமிழில் ஒவ்வொரு பள்ளி வாசலிலும் ஒட்டச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
காஞ்சிபுரம் மாவட்டம்